நான்கு மணிக்கு வந்த மயில்

திருவனந்தபுரத்தில் பழவங்காடி மகாகணபதியின் சந்நிதியை நெருங்குவோரின் செவியில் முதலில் விழுவது தேங்காய்கள் உடைபடும் ஓசையே. கிழக்குக் கோட்டைக்கு அருகிலுள்ள இத்திருக்கோயிலில் முன்பு திருவிதாங்கூரின் நாயர் படையினர் வழிபட்டனர். இன்று இந்திய ராணுவம் இதனைப் பராமரித்து வருகிறது. விக்கினங்களை நீக்கும் பெருமானின் முன் ஒரு தேங்காயைச் சிதறச் செய்த பின்னரே பலரும் எந்தக் காரியத்தையும் தொடங்குகின்றனர். தேர்வுக் காலத்தில் பிள்ளைகளின் பொருட்டுப் பெற்றோர் வந்து நிற்கின்றனர்.

அன்பர்களே, அவ்வாறு வந்து நிற்கும் தாயின் உள்ளத்தில் இன்று தேர்வைக் காட்டிலும் பெரிய அச்சம் ஒன்று குடிகொண்டுள்ளது. கஞ்சாவுக்கோ, எம்.டி.எம்.ஏ. போன்ற ரசாயனப் போதைப் பொருளுக்கோ தன் மகன் ஆட்பட்டுவிடுவானோ என்பதே அந்த அச்சம். கிறிஸ்தவ உயர்நிலைப்பள்ளி ஒன்றில் மகனைச் சேர்த்துள்ள ஓர் அன்னை நம்மிடம் கேட்டார்: “சுவாமி, அமெரிக்காவில் பள்ளிக்கூடத்திலேயே மாணவர்களைப் பரிசோதித்துப் பார்க்கிறார்களாமே! இங்கும் அப்படிச் செய்தால் எங்கள் கவலை தீர்ந்துவிடாதா?”

நியாயமான கேள்வி. அதற்கு உரிய மரியாதையுடன் விடை தேடுவோம்.

அவர் கேள்விப்பட்டது உண்மையே. கன்சாஸ் நகரத்தில் ராக்ஹர்ஸ்ட் என்றோர் உயர்நிலைப்பள்ளி உள்ளது. 1910-இல் இயேசு சபைத் துறவியர் தொடங்கியது. 2013-ஆம் ஆண்டு அப்பள்ளி, தன் மாணவர் அனைவரிடமும் தலைமுடியில் சில இழைகளை எடுத்துப் போதைப்பொருள் பரிசோதனை செய்யப்போவதாக அறிவித்தது. சிறுநீர்ப் பரிசோதனை பெரும்பாலும் சில நாட்களுக்கு முந்தைய செய்தியையே சொல்லும். தலைமுடியோ ஏறத்தாழ 90 நாட்களின் கதையைச் சொல்லிவிடும். இரத்தத்தில் ஓடியது மயிர்க்காலில் படிந்து, முடி வளர வளர அதனுடனேயே வெளிவருகிறது. நாம் செய்ததை நம் உடலே எழுதி வைத்துக்கொள்கிறது! கர்ம சித்தாந்தம் பயின்றவர்களுக்கு இதில் வியப்பு இராது.

ஆனால் அப்பள்ளி அடுத்து வகுத்த விதியைத்தான் நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். முதன்முறை ஒரு மாணவனின் முடியில் போதையின் தடயம் தென்பட்டால் அவனுக்குத் தண்டனை இல்லை. ஆலோசகர், பெற்றோர், மாணவன் ஆகியோர் சேர்ந்து அமர்ந்து பேச வேண்டும். 90 நாட்கள் சென்றபின் மறுபடியும் பரிசோதனை. பிள்ளையைப் பிடிப்பதற்கு அல்லாமல், “வேண்டாம், என் முடி காட்டிக்கொடுத்துவிடும்” என்று தோழர்களிடம் கூறி விலகிக்கொள்ள அவனுக்கு ஒரு சாக்கு அளிப்பதற்கே இந்த ஏற்பாடு என்று இத்தகைய பள்ளிகள் கூறுகின்றன. பதினைந்து வயதில் ‘வேண்டாம்’ என்று சொல்ல எத்தனை துணிவு தேவை என்பதை நாம் மறந்துவிடக்கூடாது.

எனினும் பரிசோதனையின் எல்லையையும் அறிய வேண்டும். அமெரிக்க உச்சநீதிமன்றம் 1995-இலும் 2002-இலும் அரசுப் பள்ளிகளில் விளையாட்டு முதலிய பாடப்புறச் செயல்களில் ஈடுபடும் மாணவருக்குப் போதைப்பொருள் பரிசோதனையை அனுமதித்துத் தீர்ப்பு வழங்கியது. ஆயினும் 2003-இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பரிசோதிக்கும் பள்ளிகளுக்கும் பரிசோதிக்காத பள்ளிகளுக்கும் இடையே மாணவரின் போதைப் பழக்கத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அந்நாட்டுக் குழந்தை மருத்துவர்களின் கழகமும் பள்ளிகளில் பொதுவாக எல்லோரையும் பரிசோதிப்பதை ஆதரிக்கவில்லை.

நம் நாட்டின் நிலை இன்னும் வேறானது. 2019-இல் மத்திய அரசு வெளியிட்ட எய்ம்ஸ் மருத்துவமனையின் ஆய்வறிக்கையில் நெஞ்சை உறுத்தும் தகவல் ஒன்று உண்டு. பெரியவர்களைவிடச் சிறுவர்களே மிகுதியாகப் பயன்படுத்தும் போதை ஒன்று உள்ளது. அது மூக்கால் உறிஞ்சும் போதை: பசை, பெயின்ட் தின்னர், எழுத்தை அழிக்கும் வெண்திரவம் போன்றவை. 10 முதல் 17 வயது வரையுள்ளோரில் 1.17 விழுக்காட்டினரும் பெரியவர்களில் 0.58 விழுக்காட்டினரும் இதைப் பயன்படுத்துகின்றனர். வழக்கமான முடிப் பரிசோதனைப் பட்டியலில் இவை இடம்பெறுவதே இல்லை. புத்தகப் பையிலேயே இருக்கும் பொருளை எந்தச் சோதனைச்சாலை கண்டுபிடிக்கும்? பையைத் திறந்து பார்க்கும் தாயும், பிள்ளையின் கண்களைப் பார்த்துப் பேசும் ஆசிரியருமே கண்டுபிடிக்க இயலும்.

சரி, உடலில் போதை இருந்ததா இல்லையா என்பதைப் பரிசோதனை கூறிவிடுகிறது என்றே கொள்வோம். அவன் அதை ஏன் நாடினான் என்பதை அது கூறுமா? இங்கேதான் பகவான் ஸ்ரீராமகிருஷ்ணர் நமக்கு உதவுகிறார்.

1882-ஆம் ஆண்டு ஆசிரியர் ஒருவர் தட்சிணேசுவரத்திற்கு வரத் தொடங்கினார். அவர் மகேந்திரநாத் குப்தர். ‘ம’ என்று பக்தர்கள் அறிந்தவர். வித்யாசாகர் நிறுவிய பள்ளியில் தலைமையாசிரியர். ஓரிரு முறை வந்தவர் மீண்டும் வந்து நின்றதைக் கண்டு பகவான் சிரித்துக்கொண்டே ஒரு மயிலின் கதையைக் கூறினார். யாரோ ஒரு மயிலுக்கு மாலை நான்கு மணிக்கு அபினி கொடுத்தார்களாம். மறுநாள் சரியாக அதே நேரத்திற்கு அந்த மயில் வந்து நின்றதாம்!

இறைவனை நாடிவரும் தாகத்தை உணர்த்த அபினியை உவமையாக்க அஞ்சாதவர் அவர். சற்றுச் சிந்தித்தால் அதில் ஆழ்ந்த உண்மை புலப்படும். மயிலை இழுத்தது சுவை. மீண்டும் வரச் செய்தது நேரம். நம் பள்ளிகளிலும் நான்கு மணியளவில்தான் மணி அடிக்கிறது. அந்த நேரத்தில் பிள்ளை எங்கே போகிறான்? வீடு பூட்டியிருக்கிறது, தந்தை வளைகுடா நாட்டில், தாய் அலுவலகத்தில், கையில் செல்பேசி. அவனுக்கு நான்கு மணிக்கு நாம் எதைக் கொடுத்து வைத்திருக்கிறோம்? ஒன்றும் கொடுக்காத இடத்தில் வேறொருவன் எதையோ கொடுத்துவிடுகிறான். மறுநாள் மயில் அங்கே போய் நிற்கிறது.

கடோபநிஷதம் உடலைத் தேராகவும், புலன்களைக் குதிரைகளாகவும், மனத்தைக் கடிவாளமாகவும், புத்தியைச் சாரதியாகவும் உருவகிக்கிறது. யமனிடம் அதைக் கேட்டுக்கொண்டிருந்தவனும் ஒரு சிறுவன்தான். மனிதனின் முன்மூளை இருபது வயதைக் கடந்த பின்னும் முதிர்ச்சி பெற்றுக்கொண்டிருக்கிறது என்று இன்றைய மருத்துவம் கூறுகிறது. அதாவது குதிரைகள் பூட்டியாகிவிட்டன. சாரதி இன்னும் ஆசனத்தில் உறுதியாக அமரவில்லை. அதுவரை அருகில் அமர்ந்து கடிவாளத்தில் ஒரு கை வைப்பவரே பெற்றோரும் ஆசிரியரும்.

அருகில் அமர்வது எவ்வாறு என்பதற்கு கிரீஷ் சந்திர கோஷின் வாழ்க்கையைக் காட்டிலும் சான்று வேண்டுமா? வங்க நாடக உலகில் புகழ்பெற்ற அவர் மதுவில் மூழ்கியவர். குடித்த நிலையிலேயே பகவானிடம் வந்ததுண்டு. மற்ற பக்தர்கள் முகம் சுளித்தனர், பகவான் சுளிக்கவில்லை, குடிக்காதே என்று கட்டளையிடவும் இல்லை. காலையும் மாலையும் இறைவனை நினை என்றார். கிரீஷால் உறுதி கூற இயலவில்லை. உணவுக்கு முன்பாவது, உறங்குமுன்பாவது என்றார். அதற்கும் கிரீஷ் மௌனமாயிருந்தார். “அப்படியானால் எனக்கு வக்காலத்துக் கொடுத்துவிடு” என்ற பொருள்பட, அவருடைய பொறுப்பு முழுவதையும் பகவான் தாமே ஏற்றுக்கொண்டார். எளிதில் தப்பினோம் என்று நினைத்த கிரீஷ், பின்னர் ஒவ்வோர் அடியையும் ‘இது அவர் விருப்பமா’ என்று கேட்டே எடுத்துவைக்க வேண்டியதாயிற்று. கண்டுபிடிப்பவர் பலர், கண்டுபிடித்தபின் வக்காலத்து வாங்கிக்கொள்பவர் யார்?

ஏசுபிரான் கூறிய உவமையிலும் இதே குரல் ஒலிக்கிறது. சொத்தையெல்லாம் அழித்துத் திரும்பிவந்த மகனைத் தந்தை வாயிலில் நிறுத்தி விசாரிக்கவில்லை. அவன் தொலைவில் வரும்போதே ஓடிச் சென்று தழுவிக்கொண்டார். கிறிஸ்தவப் பள்ளிகளுக்கு இதை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. கல்கத்தாவில் அத்தகையதொரு கல்லூரியின் முதல்வரான வில்லியம் ஹேஸ்டிதான், சமாதி நிலையை அறிய விரும்பினால் தட்சிணேசுவரம் செல்லுங்கள் என்று தம் மாணவர்களுக்குச் சொன்னவர். அம்மாணவருள் ஒருவர் நரேந்திரர். அவரே சுவாமி விவேகானந்தராக 1892 டிசம்பரில் திருவனந்தபுரத்திற்கு வந்தார்.

கேரள அரசு 2016-இல் தொடங்கிய போதை ஒழிப்பு இயக்கத்திற்கு ‘விமுக்தி’ என்று பெயர். நம் சாத்திரங்களின் உச்சிச் சொல்லைக் கலால் துறை எடுத்துக்கொண்டதில் நமக்கு மகிழ்ச்சியே. 2022 நவம்பர் 1-ஆம் நாள் மாணவர்கள் கைகோத்து நின்று மனிதச் சங்கிலி அமைத்தனர். சங்கிலி கலைந்தபின் அந்தக் கைகளைப் பற்றிக்கொள்வது வீட்டாரின் வேலை. சட்டமும் இதில் நமக்கு உதவியாகவே உள்ளது. 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64-ஏ பிரிவு, போதைக்கு அடிமையானவர் அங்கீகாரம் பெற்ற மையத்தில் தாமாக முன்வந்து சிகிச்சையை நிறைவு செய்தால் வழக்கிலிருந்து பாதுகாப்பளிக்கிறது. குழந்தைக்குப் போதைப்பொருள் கொடுத்தவனுக்கோ 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் ஏழாண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. கொடுத்தவனுக்குத் தண்டனை, வாங்கியவனுக்குச் சிகிச்சை. பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது.

எனவே, கேட்ட அன்னைக்கு நம் விடை இது. உங்கள் மகனின் பள்ளி என்றேனும் பரிசோதனைக்குச் சம்மதம் கேட்டால், கையொப்பமிடும் முன் முதல்வரிடம் ஒன்றைக் கேளுங்கள்: “தடயம் தென்பட்டால் மறுநாள் காலை என் மகன் இதே வகுப்பில் அமர்வானா?” ஆம் என்றால் தயங்காமல் கையொப்பமிடுங்கள். மாற்றுச் சான்றிதழைத் தருவோம் என்றால் வேண்டாம். விரட்டப்பட்ட பிள்ளைக்கு நான்கு மணி என்பது நாள் முழுவதும் ஆகிவிடும். பள்ளி கேட்கும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஐயம் எழுந்தால் விமுக்தியின் 14405 எண்ணையோ, மத்திய அரசின் 14446 எண்ணையோ அழையுங்கள். மகன் உறங்கியபின் மறைவாக அழைக்காமல், அவனையும் அருகில் அமர்த்திக்கொண்டு அழையுங்கள்.