பயில்வோனும் தெரிவும்: ஓர் அறவியல் நோக்கு

தொழில் ஒன்றைப் பயில்பவன் அதனைச் செய்தே பயில வேண்டும் என்பது எக்காலத்தும் ஒப்புக்கொள்ளப்பட்ட உண்மையாகும். அரிஸ்டோட்டில் தமது 'நிக்கோமாக்கிய அறவியல்' என்னும் நூலின் இரண்டாம் பகுதியில், வீடு கட்டுவதால் ஒருவன் கட்டடக்காரனாவது போல, நீதியான செயல்களைச் செய்வதாலேயே நீதிமான் ஆகிறான் என வாதிடுகின்றார். தச்சுத் தொழிலுக்கு இவ்வாதம் இடரின்றிப் பொருந்துகின்றது. பயிலும் தச்சன் பிழையாக அறுத்த பலகையை ஒருபுறம் வைத்துவிட்டு வேறொன்றை எடுக்கலாம். ஆனால், பயில்வோன் கைக்கு வருவது மற்றொரு மனிதனின் வாழ்வாக இருக்குமிடத்து, அப்பிழையின் விலையைச் செலுத்துபவர் யார்? இவ்வினாவை, மனிதவள முகாமைத்துவம் என இன்று வழங்கும் தொழிலை முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வினா எனக்கு நூல்களிலிருந்து எழுந்ததன்று. சென்ற நீண்ட விடுமுறையிலே கொழும்பில் உள்ள தனியார் நிறுவனம் ஒன்றின் மனிதவளப் பிரிவில் மூன்று மாதங்கள் பயிலுநராக இருந்தேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முதன்முறையாகத் தொழில் தேடும் இளைஞர்களை அந்நிறுவனம் களஞ்சியப் பிரிவுக்குப் பயிலுநராகச் சேர்த்துக்கொள்வது வழக்கம். அவ்வாண்டு வந்த விண்ணப்பங்களை வாசித்து, நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கத்தக்கவை ஒரு கோவையிலும் ஏனையவை மற்றொரு கோவையிலுமாகப் பிரித்து வைப்பதே எனக்குத் தரப்பட்ட முதல் வேலை. பயிலுநரைத் தெரிவு செய்யும் பயிலுநராக நான் அம்மேசையில் அமர்ந்திருந்தேன். என் பயிற்சியின் முடிவில் என்னைப் பற்றிய மதிப்பீட்டு அறிக்கையொன்று எமது பீடத்துக்கு அனுப்பப்படும் என்பதும் ஈண்டு மனங்கொள்ளத்தக்கது. தீர்ப்பு வழங்கிக்கொண்டிருந்த நானும் தீர்ப்புக்குக் காத்திருந்தவனே.

இரண்டாம் வாரத்தில் ஒரு நாள், அப்பிரிவின் மூத்த உத்தியோகத்தரான அம்மையார் நான் விலக்கிய கோவையிலிருந்து விண்ணப்பம் ஒன்றை எடுத்தார். மலையகத்துத் தோட்டப் பகுதியொன்றிலிருந்து கையெழுத்தில் வந்தது அது. ஆங்கில வசனங்களிற் பல பிழைபட்டிருந்தன. "தம்பி, இதை ஏன் இந்தப் பக்கம் வைத்தீர்?" என்று கேட்டார். மொழி சரியில்லை என்றேன். அவர் மறுமொழி கூறாது, விண்ணப்பத்தின் இறுதிப் பகுதியில் விரலை வைத்தார். பல்சரக்குக் கடையொன்றில் இரண்டாண்டுகள் இருப்புக் கணக்கு எழுதிய அனுபவம் தமக்குண்டு என அவ்விண்ணப்பதாரர் அங்கே எழுதியிருந்தார். களஞ்சியப் பயிலுநருக்கு வேண்டிய தகைமை அதுவே. நான் அவ்வரிகளை வாசித்திருக்கவில்லை. முதல் இரு வசனங்களோடு என் தீர்ப்பு முடிந்துவிட்டது.

அவ்விண்ணப்பமும் வேறு மூன்றும் மறு கோவைக்கு மாற்றப்பட்டன. ஆயினும் முதல் வாரத்தில் நான் விலக்கியவற்றை எவரும் மீளப் பார்க்கவில்லை. அவற்றுக்கான மறுப்புக் கடிதங்கள் ஏற்கெனவே அஞ்சலில் சேர்ந்துவிட்டன. அவற்றுள் எத்தனை பேர் இத்தகையோர் என்பது எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை.

நான் ஏன் அவ்வாறு செய்தேன் எனப் பின்னர் ஆராய்ந்தபோது, அறியாமை மட்டும் காரணமன்று எனக் கண்டேன். எமது சகோதர சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ', அதாவது வாள், எனக் குறிப்பிடுவதை இவ்விதழின் வாசகர் அறிவர். முதலாம் ஆண்டிலே அவ்வாளின் கூர்மையை நானும் உணர்ந்தவன். அவ்வாறிருக்க, அதன் பிடி என் கைக்கு வந்ததும் தயக்கமின்றி வீசினேன். பயில்வோன் தான் அளக்கப்பட்ட கோலையே பிறரை அளக்கவும் எடுக்கிறான். வேறு கோல் அவனிடம் இல்லை. அன்றியும், கண்டிப்பானவன் என்னும் பெயர் என் அறிக்கைக்கு நன்மை செய்யும் என்றும் எண்ணியிருந்தேன். பிறருடைய விண்ணப்பங்களின் மீது நான் என்னுடைய பரீட்சையை எழுதிக்கொண்டிருந்தேன் என்பதே உண்மை.

மனிதனை ஒருபோதும் வெறும் கருவியாக மாத்திரம் கொள்ளலாகாது, அவனை எப்போதும் ஒரு நோக்கமாகவும் மதித்தல் வேண்டும் என்பது இம்மானுவேல் கான்டின் அறக்கொள்கை. பயில்வோன் எவனும் பிறரைக் கருவியாகக் கொள்ளாது பயில இயலாது. மருத்துவ மாணவனும் நோயாளியின் உடலிலேயே பயில்கிறான். ஆனால் அங்கே நோயாளிக்கு உரிய சிகிச்சையும் கிடைக்கின்றது. மாணவனின் அருகே ஆசிரியர் நிற்கிறார். என் மேசைக்கு வந்த விண்ணப்பதாரருக்கோ உரிய சிகிச்சையாவது முழுமையாக வாசிக்கப்படுதலே. அதனை நான் அளிக்காதவிடத்து அவர் என் பயிற்சிக்கு வெறும் கருவியாகிவிட்டார்.

பழைய தொழிற்பயிலல் முறையை நோக்குமிடத்து ஓர் உண்மை புலனாகும். இங்கிலாந்தில் 1563 ஆம் ஆண்டுச் சட்டம் ஒருவன் ஏழாண்டுகள் பயின்ற பின்னரே தொழிலைத் தனித்து நடத்தலாம் என விதித்தது. இத்துணை நீண்ட காலம் தேவையற்றது என அடம் ஸ்மித் 1776 இல் கண்டித்தார். 1814 இல் அவ்விதியும் நீக்கப்பட்டது. கால அளவைப் பற்றிய கண்டனம் நியாயமானதே. ஆயினும் பயில்வோனின் வேலைக்கு ஆசான் பொறுப்பாளி என்னும் எண்ணம் அம்முறையின் உள்ளே இருந்தது. இன்றைய அலுவலகத்திலோ, முதற் சலிப்பு அற்பமான வேலையெனக் கருதப்பட்டு, புதிதாக வந்தவரிடம் ஒப்படைக்கப்படுகின்றது. சற்றுச் சிந்திப்பின் இது தலைகீழான ஏற்பாடு என்பது விளங்கும். இறுதி நேர்முகப் பரீட்சையில் விலக்கப்படுபவரை மூவரோ நால்வரோ கண்டு பேசியிருப்பர். முதற் சலிப்பில் விலக்கப்படுபவரை ஒரேயொரு பயிலுநர் மாத்திரமே பார்த்திருப்பார். மேன்முறையீடு இல்லாத தீர்ப்பு, அனுபவம் இல்லாத கையிலே இருக்கின்றது.

இவ்வேலையைக் கணினியிடம் ஒப்படைத்தால் குறை தீரும் என்பர் சிலர். கணினியும் ஒரு பயிலுநரே. முன்னைய தெரிவுகளைப் பார்த்தே அது கற்கின்றது. அமேசான் நிறுவனம் பரீட்சார்த்தமாக உருவாக்கிய அத்தகைய கருவியொன்று பெண்களின் விண்ணப்பங்களைத் தாழ்த்தி மதிப்பிட்டமையால் கைவிடப்பட்டதெனச் செய்திகள் 2018 இல் வெளிவந்தன. முன்னோரின் கோலை ஆராயாது எடுத்தாள்வதில் அதுவும் என்னைப் போன்றதே.

அங்ஙனமாயின் பயில்வோன் தெரிவு செய்யவே கூடாதா? அது பொருந்தாது. செய்யாதவன் ஒருகாலும் கற்கமாட்டான். அனுபவசாலியும் தவறுகிறான், அவனது ஐயம் தேய்ந்துபோயிருப்பதால் தவறியதை அறியாமலும் இருப்பான். திருக்குறளில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என 51ஆம் 52ஆம் அதிகாரங்கள் தெரிவைப் பற்றியே பேசுகின்றன. மிகக் கற்றவரிடமும் ஏதோ ஒரு மூலையில் அறியாமை இருக்கவே செய்யும் என்பது அவற்றுட் காணப்படும் கருத்துக்களுள் ஒன்று. தெரிவு செய்யப்படுபவரைக் குறித்துக் கூறப்பட்ட இக்கருத்தைத் தெரிவு செய்பவர் தம்மீதும் திருப்பிப் பார்த்தல் தகும்.

ஆகவே பயில்வோன் தீர்ப்பு வழங்கலாம். ஆனால் மூன்று கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டே வழங்கலாம் எனக் கருதுகிறேன். முதலாவது, அவன் ஏற்றுக்கொண்டவற்றைக் காட்டிலும் விலக்கியவற்றையே மற்றொருவர் மீளப் பார்த்தல் வேண்டும். இரண்டாவது, விலக்கியமைக்கான காரணத்தை அவன் எழுதிவைத்தல் வேண்டும். அக்காரணம் விண்ணப்பதாரரின் முகத்துக்கு நேரே சொல்லத்தக்கதாயும் அவ்வேலையோடு தொடர்புடையதாயும் இருத்தல் வேண்டும். "உமது ஆங்கிலம் எனக்குப் பிடிக்கவில்லை" என்பதை அவ்விளைஞரின் முன்னே என்னால் சொல்லியிருக்க முடியாது. மூன்றாவது, தானும் மதிப்பிடப்படுகிறவன் என்னும் நினைவை அவன் அச்சமாக வளர்க்காது நியாய உணர்வாக வளர்த்தல் வேண்டும். முதலிரண்டையும் நிறுவனம் விதியாக்கலாம். மூன்றாவதை எந்த நிறுவனமும் விதியாக்க இயலாது.

இங்கிலாந்தின் யோர்க் நகரில் ரவுண்ட்ரீ தொழிற்சாலை 1896 இல் தொழிலாளரின் நலனைக் கவனிக்க ஒரு பெண்மணியை நியமித்ததையும், 1913 இல் அந்நகரிலேயே நலன்புரி உத்தியோகத்தரின் சங்கம் ஒன்று தோன்றியதையும் இத்தொழிலின் தொடக்கங்களாகக் கூறுவர். நலன் என்று தொடங்கியது பின்னர் ஆளணியாகி, இன்று வளமாகியுள்ளது. வளம் என்பது பயன்படுத்தப்படும் பொருளுக்குரிய சொல். சொல்லை மாற்றும் வலிமை எம்மிடம் இல்லாதிருக்கலாம். அச்சொல்லின் கீழ் வந்து சேரும் காகிதத்தை இறுதி வரி வரை வாசிக்கும் வலிமை எம் ஒவ்வொருவரிடமும் உண்டு.

கலைப்பீடத்தினராகிய எமது விண்ணப்பங்களும் நாளை யாரோ ஒரு பயிலுநரின் மேசைக்குச் செல்லப்போகின்றன. எம்மிற் சிலர் அம்மேசையின் மறுபுறத்தே அமரவும் கூடும். முன்னதைப் பற்றி நாம் அடிக்கடி கவலையுறுகின்றோம். பின்னதைப் பற்றியும் இப்பொழுதே சிந்தித்தல் எமது கடனாகும். என்னைப் பற்றிய அறிக்கை சென்ற மாதம் வந்து சேர்ந்தது. வேலையை விரைவாக முடிப்பவர் என்று அதில் எழுதப்பட்டிருந்தது. முதல் வாரத்துக் கோவையை அறிந்த எனக்கு அப்பாராட்டு இனிக்கவில்லை.