பிறர் கையால் வாழும் சுதந்திரம்

தானாகச் சட்டை மாட்டிக்கொள்ள முடியாத, புத்தகத்தில் பக்கம் புரட்ட முடியாத, இயந்திரத்தின் துணையின்றி இரவெல்லாம் மூச்சுவிட முடியாத ஒருவரைச் சுதந்திர மனிதர் என்று சொல்லலாமா? 1962-இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் எட் ராபர்ட்ஸ் சேர்ந்தபோது, இந்தத் தத்துவக் கேள்விக்கு நிர்வாகம் அன்றாட நடைமுறையில் விடை தேட வேண்டியிருந்தது.

பதினான்கு வயதில் போலியோ தாக்கியதில் ராபர்ட்ஸுக்குக் கழுத்துக்குக் கீழே உடல் ஏறக்குறைய முழுவதும் செயலிழந்திருந்தது. தூங்குவதென்றால் ‘இரும்பு நுரையீரல்’ என்ற பெரிய உருளைக்குள் படுக்க வேண்டும். அதன் எடையை மாணவர் விடுதியின் தரை தாங்காது. அதனால் வளாகத்திலிருந்த கவெல் மருத்துவமனையில் அவருக்கு ஓர் அறை ஒதுக்கினார்கள். அவர் ஒருநாளும் வேலைக்குப் போகப்போவதில்லை என்று சொல்லி, மாநில மறுவாழ்வுத் துறை படிப்புதவியை முதலில் மறுத்தது.

அவரைத் தொடர்ந்து, கைகால் செயலிழந்த வேறு சில மாணவர்களும் அங்கே தங்கிப் படிக்க வந்தார்கள். தங்களுக்கு ‘ரோலிங் குவாட்ஸ்’ என்று பெயர் சூட்டிக்கொண்டார்கள். படிக்க வந்தவர்கள் நோயாளிகளைப் போல ஏன் மருத்துவமனையில் வாழ வேண்டும் என்ற கேள்வி அவர்களை அரித்தது. 1970-இல் பல்கலைக்கழகத்தில் உருவான மாற்றுத்திறனாளி மாணவர் திட்டத்தை வழிநடத்தியவர்கள் மாற்றுத்திறனாளிகளே. உதவியாளர்களைத் தேடித் தருவது, வாடகைக்கு வீடு பார்ப்பது, சக்கர நாற்காலியைப் பழுது பார்ப்பது என எல்லாமே எளிய வேலைகள்தான். ஆனால் அவற்றுக்கு அடியில் ஆழமான ஒரு சிந்தனை இருந்தது. எப்போது எழுவது, எந்தப் பாடம் படிப்பது, எந்த உதவியாளரை வைத்துக்கொள்வது, யாரை அனுப்பிவிடுவது என்பதையெல்லாம் முடிவு செய்பவர் எவரோ அவரே சுதந்திரமானவர். அந்த முடிவை யார் கை நிறைவேற்றுகிறது என்பது இரண்டாம் பட்சம். 1972-இல் இதே எண்ணம் பெர்க்லி நகரத்தில் ‘சுதந்திர வாழ்வு மையம்’ ஆயிற்று. எழுபதுகளின் நடுவில், உதவி மறுத்த அதே மறுவாழ்வுத் துறைக்கு ராபர்ட்ஸ் இயக்குநரானார்.

சுதந்திரத்துக்கான இந்த விளக்கம் அருமையானதுதான். ஆனாலும் முழுமையானதல்ல. தனக்கு என்ன வேண்டும் என்பதையே தெளிவாகச் சொல்ல முடியாதவர்களை இது எங்கே வைக்கும்? கடுமையான அறிவுசார் குறைபாடுள்ள மகளை வளர்த்த தத்துவ அறிஞர் ஈவா கிட்டே, பகுத்தறிவையும் சுயநிர்ணயத்தையும் மட்டுமே மனித மதிப்புக்கு அளவுகோலாக்கும் நீதிக் கோட்பாடுகளை 1999-இல் வெளிவந்த தன் நூலில் கேள்விக்குள்ளாக்கினார். அதே ஆண்டு இன்னொரு தத்துவ அறிஞரான அலஸ்டேர் மெக்கின்டயர் வேறொரு பாதையில் வந்து, குழந்தையாகவும் நோயாளியாகவும் முதியவராகவும் எல்லா மனிதரும் பிறரைச் சார்ந்தே வாழ்கிறார்கள் என்பதை அறவியல் கணக்கில் எடுத்தாக வேண்டும் என்றார்.

இத்தகையவர்களையும் ஏற்பது கல்லூரிகளுக்கு இன்னும் கடினமான சோதனை. அறிவுசார் குறைபாடுள்ள மாணவர்கள் அங்கீகரிக்கப்பட்ட திட்டங்களில் சேர்ந்தால், பட்டம் நோக்கிப் படிக்காவிட்டாலும், கூட்டாட்சி அரசின் கல்வி நிதியுதவி பெற 2008-ஆம் ஆண்டின் அமெரிக்க உயர்கல்வி வாய்ப்புச் சட்டம் வழி திறந்தது. மற்ற மாணவர்களோடு ஒரே வகுப்பில் உட்காருவதும் அத்திட்டங்களின் பகுதி. சாய்தளமும் மின்தூக்கியும் அமைக்கப் பணம் போதும். ஆனால் தேர்வில் வெல்லும் திறனைக் கொண்டே மாணவரை மதித்துப் பழகிய வகுப்பறை, அப்படித் தேர்வெழுத வராத ஒருவரையும் தன் மாணவராக ஏற்க வேண்டுமானால், கல்வி எதற்காக என்ற கேள்விக்கு அதுவரை சொல்லிவந்த விடையையே மாற்ற வேண்டியிருக்கும்.