சாட்சி இல்லாத வியாபாரம்

ரோஜாச் செடியைத் தபாலில் தருவித்து வீட்டுத் தோட்டத்தில் வைப்பது சின்ன விஷயம்தான். ஆனால் அதற்குள் ஒரு பெரிய நியாயக் கேள்வி இருக்கிறது.

கடைத்தெருவில் கத்தரிக்காய் வாங்குகிறவன் காம்பைக் கிள்ளிப் பார்க்கிறான். தேங்காயைத் தட்டிப் பார்க்கிறான். தபாலில் ரோஜா வாங்குகிறவனுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. அச்சடித்த பட்டியலில் ஆனாலும் சரி, கைப்பேசித் திரையில் ஆனாலும் சரி, அவன் பார்ப்பது பூவை. பெட்டியைப் பிரித்தால் இருப்பதோ முள்ளோடு நாலு குச்சியும், ஈரம் காயாமல் சுற்றிக் கட்டிய வேரும், ஒரு பெயர்ச்சீட்டும். சீட்டில் மஞ்சள் என்று எழுதியிருந்தால் மஞ்சள் என்று நம்ப வேண்டியதுதான். பூ விரியும் வரையில் விற்றவனுடைய யோக்கியதைக்குச் சாட்சி கிடையாது.

ஆகவே, ‘விற்கிறவனை எப்படி நம்புவது?’ என்று எல்லாரும் கேட்கிறோம். ‘வாங்குகிறவனை எப்படி நம்புவது?’ என்று மட்டும் யாரும் கேட்பதில்லை.

செடி பட்டுப்போனால் கடிதம் பறக்கிறது: “செத்த செடியை அனுப்பிவிட்டீர்கள்!” பார்சல் இரண்டு நாள் பிரிக்கப்படாமல் வெயில் அடிக்கும் திண்ணையில் கிடந்திருக்கும். நிழலில் வைத்துத் தெளியவிடாமல் நேரே உச்சி வெயிலில் நட்டிருப்பார்கள். ஒட்டுக் கணுவை மண்ணுக்குள் புதைத்திருப்பார்கள். வேர் பிடிக்கும் வரையில் மொட்டைக் கிள்ளிவிட வேண்டும் என்றால், அதற்கு மனம் வந்திருக்காது. இவற்றில் ஒன்றாவது அந்தக் கடிதத்தில் இருக்குமா? செத்த செடி எழுந்து வந்து சாட்சி சொல்லாது.

இன்னொன்றும் உண்டு. நாம் வாங்கும் ரோஜாக்களில் பெரும்பாலானவை ஒட்டுச் செடிகள். கீழே வேர் ஒரு முரட்டு இனம். மேலே நாம் ஆசைப்பட்ட இனத்தின் கண். ஒட்டுக்குக் கீழேயிருந்து தளிர் கிளம்பினால் அடியோடு எடுத்துவிட வேண்டும். அசட்டையாக விட்டால் அது ஓங்கி வளரும். மேல் இனம் மெலிந்து மடியும். பிறகு வேறு பூ பூக்கிறது. “மஞ்சள் என்று சொல்லி ஏமாற்றிவிட்டான்” என்கிறார் வாங்கியவர். அவர் பொய் சொல்லவில்லை; மனதார நம்புகிறார். அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. நம்முடைய அசிரத்தை, நமக்கே தெரியாமல், பிறருடைய மோசடியாக மாறிவிடுகிறது!

சாட்சி இல்லாமலே நேர்மை நடந்த கதையும் ரோஜா உலகத்தில் உண்டு. பிரான்சில் லியோன் நகரத்தை அடுத்து ரோஜா வளர்த்த பிரான்சிஸ் மெய்யான், ஓரத்தில் இளஞ்சிவப்பு ஓடிய புது மஞ்சள் ரோஜா ஒன்றை உண்டாக்கினார். போர்க் காலத்தை ஒட்டி அதன் ஒட்டுக் குச்சிகள் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் அமெரிக்காவுக்கும் போயின. பிறகு தொடர்பு அறுந்தது. ஜெர்மனியில் அதை ‘குளோரியா தேயி’ என்றார்கள். இத்தாலியில் ‘ஜோயா’ என்றார்கள். 1945-இல் அமெரிக்காவில் ‘பீஸ்’, அதாவது சமாதானம், என்று பெயர் சூட்டினார்கள். பெயர் வேறானாலும் செடியை எல்லாரும் காப்பாற்றினார்கள். அமெரிக்க விற்பனையில் மெய்யான் குடும்பத்துக்கு உரிய பங்கும் பின்னர் வந்து சேர்ந்தது. போர்க்காலத்தில் பக்கத்தில் நின்று கணக்குக் கேட்க யார் இருந்தார்கள்?

மோசடி செய்கிற வியாபாரி இல்லை என்று நான் சொல்லவில்லை. அவனைக் கேட்கத்தான் வேண்டும். காசு கொடுத்தவனுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் காசு வாங்கித் தருவது செடியை மட்டுமே; அதன் உயிரை அல்ல. பெட்டி நம் வாசலுக்கு வந்த நிமிஷத்திலிருந்து அந்த உயிருக்கு நாம் பொறுப்பு. கடிதம் எழுத உட்காரும் முன் முதல் விசாரணை நம் தோட்டத்தில் நடந்தாக வேண்டும்.

இது ரோஜாவோடு நிற்கிற சங்கதியும் அல்ல. வேறு மண்ணில் வளர்ந்த பெண் ஒருத்தி மருமகளாக வருகிறாள். நாலு மாதத்தில் முகம் வாடினால், “பிறந்த வீட்டு வளர்ப்பு அப்படி” என்று தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். நாம் வார்த்த தண்ணீர் எவ்வளவு, காட்டிய வெயில் எவ்வளவு என்று கணக்குப் பார்ப்பதில்லை. செடிக்காவது நாம் காசு கொடுக்கிறோம்; எத்தனையோ வீடுகளில் பெண்ணோடு காசையும் வாங்கிக்கொண்டல்லவா குறை சொல்கிறோம்!