மூத்ததற்கே முதல் கவளம்

புதுச்சேரி வைசியாள் வீதியைப் போன்ற பழந்தெருக்களில், திண்ணை நிழலில் ஆண்டுகள் பல காவலிருந்து, எஜமானரின் செருப்போசையைத் தெருமுனையிலேயே அறிந்துகொள்ளும் முதிய நாய்க்கு, புதிய குட்டியின் வருகை தன் ராஜ்யத்தில் நிகழும் அந்நியப் பிரவேசமே ஆகும். ஆதலின், குட்டி படுத்த துணியை முன்னரே மூத்ததன் நாசிக்குப் பரிச்சயமாக்கி, முதற் சந்திப்பை நம் வீட்டினுள் அன்றி அண்டை வீட்டு முற்றத்தில் நிகழ்த்தி, சோற்றுத் தட்டுகளைத் தனித்தனியே வைத்து, மூத்ததற்கே முதலில் பரிமாறுவது விவேகம். குட்டி வாலைக் கடிக்கையில் மூத்தது எழுப்பும் மெல்லிய உறுமலைத் தண்டிக்கலாகாது. அது விரோதமன்று, பல்லின் வரம்பைக் கற்பிக்கும் பாடம். புதியதைக் கொஞ்ச நீளும் கரம், பழையதன் நரைத்த முகத்தை முதலில் தடவட்டும். விசுவாசத்திற்கு நாம் செலுத்தும் நன்றி அதுவே.