பொருந்திவிட்டால் போதுமா?

ஒரு கணிப்பு பரிசோதனையோடு பொருந்திவிட்டது என்பதற்காக, அந்தப் பொருளை நாம் விளங்கிக்கொண்டோம் என்று சொல்லலாமா? பௌதிகவியலாளரிடையே இக்கேள்வி ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் புகைந்துகொண்டிருக்கிறது.

1997 இல் ஜுவான் மல்டசேனா ஒரு கருதுகோளை முன்வைத்தார். ஈர்ப்பு உள்ள ஓர் உலகமும், அதைவிட ஒரு பரிமாணம் குறைந்த, ஈர்ப்பே இல்லாத துணிக்கைகளின் உலகமும் இரு மொழிகளில் எழுதப்பட்ட ஒரே கணக்கு என்றார். தட்டையான படலத்தில் முப்பரிமாண உருவம் காட்டும் ஹொலோகிராமின் பெயர் இதற்கு வந்து ஒட்டிக்கொண்டது. துணிக்கைகள் ஒன்றோடொன்று கடுமையாகப் பின்னிக் கிடக்கும்போது வழமையான கணித முறைகள் கைவிட்டுவிடும். அதையே கருந்துளைக் கணக்காக மாற்றினால் இலகுவாகிவிடும்.

இந்த ஆசை திண்மப் பொருட்களின் பக்கமும் திரும்பியது. 1986 இல் கண்டறியப்பட்ட செப்பு ஒட்சைட்டு மீகடத்திகள் சிலவற்றில், மீகடத்தும் நிலைக்கு மேலே, மின்தடை வெப்பநிலையோடு நேர்கோட்டில் ஏறுகிறது. இலத்திரன்களைத் தனித்தனி ஆட்களாகப் பார்க்கும் பழைய கோட்பாட்டுக்கு இது பிடிபடவில்லை. 2008 இல் ஹார்ட்னோல், ஹெர்சொக், ஹொரோவிட்ஸ் மூவரும் மின்னேற்றமுள்ள கருந்துளையைக் கொண்டு மீகடத்தி மாதிரி ஒன்றைக் கட்டினர். பின்னர் நேர்கோட்டுத் தடையைத் தரும் மாதிரிகளும் வந்தன.

இங்கேதான் என் மனம் தயங்குகிறது. மல்டசேனாவின் ஒப்புமை நன்கு சோதிக்கப்பட்டது, சமச்சீர் மிகுந்த கற்பனை உலகங்களில். செப்பு ஒட்சைட்டில் அணுக்களின் சாலகம் இருக்கிறது, மாசு இருக்கிறது. அதற்கு இணையான கருந்துளை எதுவென்று எவரும் நிறுவவில்லை. வேண்டிய விடைக்கேற்ற ஈர்ப்புக் கோட்பாட்டைத் தெரிவுசெய்யவும் தாராளமாக இடமுண்டு. புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் விடையைப் பார்த்துவிட்டு இடைப்படிகளை நிரப்பும் பிள்ளைக்கு நான் விடைக்குப் புள்ளி போடுவேன், வழிமுறைக்குப் போடமாட்டேன். திண்மப் பௌதிகத்தின் மூத்தவரான பிலிப் அண்டர்சனும் 2013 இல் இம்முறையைச் சாடி எழுதினார்.

ஆயினும் அவரோடு முழுதாகச் சேர்ந்து நிற்க என்னால் முடியவில்லை. திரவமொன்றின் பிசுக்குமைக்கும் என்ட்ரோபிக்கும் இடையிலான விகிதம் ஓர் எல்லைக்குக் கீழே போகாது என்று 2005 இல் இதே முறையாளர் அறிவித்தனர். 2008 இல் இதே முறையின் கணக்குகளே அந்த எல்லையை மீறும் உலகங்களைக் காட்டின. தன் சட்டத்தைத் தானே மறுக்கக்கூடிய ஒரு முறையை வெறும் சோடனை என்று தள்ளிவிட முடியுமா?

இன்னொன்றும் உண்டு. சச்தேவும் யேயும் 1993 இல் காந்தப் பொருளுக்காக எழுதிய மாதிரியை 2015 இல் கிதாயெவ் எளிமையாக்கினார். குறைந்த வெப்பநிலையில் அது கருந்துளை போலவே நடந்துகொள்கிறது. இங்கே இரு பக்கமும் கையில் இருக்கின்றன. ஒன்றை மற்றொன்றால் சரிபார்க்கலாம். இதற்கு வழிமுறைப் புள்ளியையும் சேர்த்தே போடுவேன். ஆனால் அம்மாதிரியில் ஒவ்வொரு துணிக்கையும் மற்றெல்லாவற்றோடும் ஊடாடுகிறது. செப்பு ஒட்சைட்டின் இலத்திரனுக்கோ அக்கம்பக்கம் என்று ஒன்று இருக்கிறது.