பச்சையாகச் சொன்னால்

பச்சரிசி பச்சை நிறமில்லை. பச்சைத் தண்ணீருக்கு நிறமே கிடையாது. பச்சைக் கற்பூரம் வெள்ளை. சூளைக்குப் போகாத பச்சைக் கல் மண் நிறம். நெல்லை ஊறவைத்து, அவித்து, காயவைத்துக் குத்தினால் புழுங்கல். அவிக்காமல் குத்தினால் பச்சரிசி. ஆக, இங்கெல்லாம் பச்சை என்பது இன்னும் பக்குவப்படாத நிலை. (பச்சைக்கிளியும் பச்சை குத்துவதும் வேறு கணக்கு, அங்கே நிறமேதான்.) காயாத இலையின் நிறத்திலிருந்துதான் இந்தப் பொருள் கிளைத்தது என்று ஒருவர் வாதிடலாம். இருக்கட்டும். எது முந்தியது என்பதைவிட, இந்தச் சொல் மனிதர்களிடம் வந்து என்ன ஆகிறது என்பதே எனக்கு முக்கியம்.

பிள்ளை பெற்றவளைப் பச்சை உடம்புக்காரி என்று சொல்லி, காற்றுப் படாமல் காதை மூடிக் கட்டுகிறோம். பச்சைப் புண்ணில் துணி உரசாமல் பார்த்துக்கொள்கிறோம். பச்சைப் பிள்ளையைத் தூக்கினால் தலைக்குக் கை கொடுக்கிறோம். உடம்பில் பச்சையாக இருப்பதெல்லாம் பத்திரமாகப் பார்க்க வேண்டியவை. பேச்சில் மட்டும் அது பெருமையாகிவிட்டது. “பச்சையாச் சொல்றேன், தப்பா நினைக்காதீங்க” என்று ஆரம்பிப்பவர், ஒளிவுமறைவு இல்லாததால் தான் சொல்வது உண்மை என்று நம்பச் சொல்கிறார். மொழி அவருக்குச் சாட்சி சொல்லாது. பச்சைப் பொய் உண்டு, பச்சைத் துரோகம் உண்டு. கெட்ட வார்த்தையையும் பச்சை பச்சையாகத்தான் பேசுகிறார்கள்.

அப்படியானால் எல்லாவற்றையும் பூசி மெழுகிப் பேசச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, மேடைப் பேச்சுகளைக் கேட்டுச் சலித்தவர்களுக்குப் பச்சைப் பேச்சு ஆறுதலாகத்தான் இருக்கும். ஆனால் இஞ்சி பூண்டு விழுதைப் பச்சை வாடை போகும்வரை வதக்குகிறோமே, எண்ணெய் பிரிந்து வரும்போது இஞ்சி இஞ்சியாகத்தான் இருக்கிறது. கெட்டுப்போன கறியை மசாலா கொட்டி மறைப்பது வேறு, இது வேறு. நோயின் பெயரை மறைக்காமல், நோயாளியை உட்காரவைத்து, துணைக்கு ஒருவர் இருக்கும்போது சொல்லும் மருத்துவர் எந்தப் பொய்யும் சொல்வதில்லை. வீடு தீப்பற்றி எரியும்போது இந்தப் பக்குவமெல்லாம் பார்க்க முடியாது, உண்மைதான். ஆனால் நாம் பச்சையாகப் பேசும் பெரும்பாலான நேரங்களில் எந்த வீடும் எரிவதில்லை. அடுத்த முறை “பச்சையாச் சொல்றேன்” என்று வாயெடுக்கும்போது, எதிரே இருப்பவரின் புண் ஆறிவிட்டதா என்று ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.