வளரும் நகரமும் பழைய கடனும்

அமெரிக்காவின் மினசோட்டா ஆற்றின் தென்கரையில், மினியாபொலிஸ், செயின்ட் பால் என்னும் இரட்டைப் பெருநகரங்களுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் அமைந்துள்ள ஷாக்கபி, 1990-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 11,739 பேர் வாழ்ந்த சிற்றூராக இருந்தது; 2020-இல் அங்கே 43,698 பேர் வாழ்ந்தனர். ஆற்றுப் பெருக்கில் அடிக்கடி மூழ்கிப் போக்குவரத்தை நிறுத்திவிடும் பழைய பாலத்துக்கு மாற்றாக 1995-இல் உயரமான புதிய பாலம் திறக்கப்பட்டதும், மறு ஆண்டே ஊரைச் சுற்றிச் செல்லும் புறவழிச்சாலை முடிந்ததும் இவ்வளர்ச்சிக்கு வாயிலாக அமைந்தன. பெருநகரில் வேலை பார்த்துக்கொண்டு இங்கே வீடு கட்டிக்கொள்ளலாம் என்ற நிலை அதன் பின்னரே உருவாயிற்று. 1990-இல் இருந்த ஒருவர்கூட ஊரைவிட்டுப் போகவில்லை, இறக்கவுமில்லை என்று வைத்துக்கொண்டாலும், 2020-இன் குடிமக்களில் ஏறத்தாழ நான்கில் மூவர் அதன் பிறகு வந்தவர்களோ பிறந்தவர்களோதான். அப்படியானால் 1990-இன் ஷாக்கபியும் 2020-இன் ஷாக்கபியும் ஒரே ஊர்தானா என்ற கேள்வி வெறும் சொல்விளையாட்டு அன்று. மெய்யியலில் மிகப் பழமையான கேள்விகளுள் ஒன்று அது.

கிரேக்க மரபில் இதற்கு ‘வளர்ச்சி வாதம்’ என்று பெயர். ஒரு பொருளோடு ஏதேனும் கூடினால், முன்பிருந்த பொருள் அழிந்து வேறொரு பொருள் தோன்றிவிடுகிறது, ஆகவே ‘வளர்ந்தது’ என்று சொல்லத்தக்க ஒன்று எங்குமே இல்லை என்பது இவ்வாதத்தின் சாரம். சிசிலித் தீவில் வாழ்ந்த நாடகாசிரியர் எபிகார்மஸ் இதை மேடையேற்றியதாகப் பிற்கால உரையாசிரியர்கள் கூறுகின்றனர். கடன் வாங்கிய ஒருவன், தன் உடல் நாள்தோறும் மாறிவருவதால் கடன் வாங்கியவன் வேறு, தான் வேறு என்று வாதாடுகிறான். கடன் கொடுத்தவன் அவனை அடித்துவிட்டு, அடித்தவன் வேறு, இப்போது நிற்கும் தான் வேறு என்று அதே வாதத்தைத் திருப்பித் தருகிறான். இந்தியப் பௌத்த மரபில், மிலிந்தன் என்னும் கிரேக்க மன்னனுக்கும் நாகசேனர் என்னும் துறவிக்கும் நடந்த உரையாடலாக அமைந்த பாலி நூலும் ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்து சேர்கிறது. பரிசப் பணம் கொடுத்துச் சிறுமியை நிச்சயித்துவிட்டு வெளியூர் போனவன் திரும்பி வரும்போது, வளர்ந்துவிட்ட அப்பெண்ணை வேறொருவன் மணந்திருக்கிறான்; நீ பணம் கொடுத்த சிறுமி வேறு, நான் மணந்த மங்கை வேறு என்கிறான் அவன். அந்த வழக்கை அரசன் எப்படித் தீர்ப்பான் என்று நாகசேனர் கேட்க, முன்னவன் பக்கமே தீர்ப்பு என்று மன்னன் தயங்காமல் விடையளிக்கிறான். வெவ்வேறான இரண்டு மரபுகளும், வளர்ச்சி என்றால் என்ன என்பதைக் கேட்கத் தொடங்கியவுடன், யாரோ ஒருவருக்குத் தரவேண்டிய பாக்கியைப் பற்றிப் பேசுவது தற்செயலாகத் தோன்றவில்லை. மாறிவிட்டதா, மாறவில்லையா என்று ஒருவர் கேட்பது, பெரும்பாலும், பழைய கணக்கு இன்னும் செல்லுமா என்று அறியவேண்டிய போதுதான்.

அரிஸ்டாட்டிலும் தம் அரசியல் நூலின் மூன்றாம் பகுதியில் நகரத்தைப் பற்றிப் பேசும்போது இதே வாசல் வழியாகத்தான் நுழைகிறார். ஆட்சிமுறை மாறியபின், முந்தைய ஆட்சி செய்த உடன்படிக்கைகளை நிறைவேற்ற மறுக்கும் நகரங்கள், அவற்றைச் செய்தது கொடுங்கோலன்தான், நகரம் அன்று என்று வாதிடுவதை அவர் எடுத்துக்காட்டுகிறார். நகரத்தின் ஒருமையை நிலைநாட்டுவது மதிலா, மக்களா என்று அவர் ஆராய்கிறார். மதிலை அவர் ஏற்பதில்லை. மக்களைப் பொறுத்தவரை, புதிய நீர் வந்தும் பழைய நீர் போயும் ஆறு அதே ஆறாக இருப்பதுபோல், தலைமுறைகள் மாறியும் நகரம் அதுவாகவே இருக்கலாம் என்ற எண்ணத்தை எடைபோட்டுப் பார்த்துவிட்டு, முடிவில் ஆட்சியமைப்பே நகரத்தின் உயிர், அது மாறினால் நகரமும் மாறுகிறது என்கிறார்.

ஷாக்கபியின் வரலாற்றில் இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் அது போதாது என்பது தெரிந்துவிடும். 1857-இல் நகரத்துக்கான பட்டயம் பெற்ற அவ்வூர் 1861-இல் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, 1870-இல் மீண்டும் நகரமாயிற்று. இடைப்பட்ட ஒன்பது ஆண்டுகளில் ஷாக்கபி இல்லாமல் போயிற்று என்று எவரும் கருதவில்லை. அங்கே வீடும் நிலமும் வைத்திருந்தவர்களின் உரிமைப் பத்திரங்களும் செல்லாமல் போகவில்லை. ஆட்சியமைப்பு அறுந்த இடத்திலும் சொத்து தொடர்ந்தது. ஆனால் உடன்படிக்கைகளை மதிக்கவேண்டுமா, வேண்டாமா என்பது வேறொரு விவாதம் என்று கூறி அரிஸ்டாட்டில் அந்த அதிகாரத்தை முடித்துவிடுகிறார். கேள்வியைத் தொடங்கிவைத்த கடனை அவர் தீர்க்காமல் விட்டுச்சென்றது, வாசகருக்குப் பெரிய ஏமாற்றமே.

ஷாக்கபியின் கடன் எது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை. அந்நகரம் தாங்கி நிற்பது டகோட்டா இனத்தின் ம்டெவாகன்டன் கிளைத் தலைவர் ஒருவரின் பெயர். ஆற்றங்கரையில் அவருடைய மக்களின் ஊர் இருந்தது. 1847-இல் சாமுவேல் பாண்ட் என்ற கிறித்தவ ஊழியர் அங்கே குடியேறினார். அதற்கு முன்பே, 1834-இல், தம் சகோதரர் கிடியனுடன் சேர்ந்து டகோட்டா மொழிக்கு எழுத்துமுறை வகுத்தவர் அவர். 1851-இல் ட்ராவர்ஸ் டி சூ, மெண்டோட்டா என்னும் இரண்டு இடங்களில் ஏற்பட்ட ஒப்பந்தங்களால் டகோட்டாக்கள் ஏறத்தாழ 2.4 கோடி ஏக்கர் நிலத்தை அமெரிக்க அரசுக்குக் கொடுத்தனர். விலையின் பெரும்பகுதியை அரசே வைத்துக்கொண்டு, அதற்கான வட்டியை ஆண்டுதோறும் தருவதாக ஏற்பாடு. ட்ராவர்ஸ் டி சூவில் தலைவர்கள் கையொப்பமிட்ட தாள்களுள் ஒன்று ஒப்பந்தமே அன்று. பணத்தின் ஒரு பகுதியைத் தோல் வணிகர்களின் பழைய பாக்கிக்கு ஒப்புக்கொடுக்கும் ஆவணம் அது. டகோட்டாக்கள் மேற்கே போக, பாண்ட் அவர்களோடு போகாமல் அங்கேயே தங்கி, புதிதாக வந்த வெள்ளையர்களுக்குச் சமயப் பணி செய்தார். டகோட்டாக்களின் வாழ்க்கையைப் பற்றி அவர் எழுதிய நூல், அவர் இறந்து பல ஆண்டுகள் கழித்து, 1908-இல் வெளிவந்தது. அவர்களுக்காக வந்தவர் எழுதிவைத்த நினைவுகள் அச்சேறியபோது, அவர்களுள் பெரும்பாலோர் அந்த ஊரில் இல்லை.

1862-ஆம் ஆண்டுக் கோடையில் அவ்வாண்டுக்குரிய தொகை வரத் தாமதமாயிற்று, பசி மிகுந்தது, ஆகஸ்ட் மாதத்தில் போர் மூண்டது, இரு தரப்பிலும் பெரும் உயிர்ச்சேதம் நேர்ந்தது. டகோட்டாக்கள் 303 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டு, குடியரசுத் தலைவர் லிங்கன் பெரும்பாலோரின் தண்டனையைக் குறைத்தபின், டிசம்பர் 26 அன்று மன்கேட்டோவில் 38 பேர் ஒரே நேரத்தில் தூக்கிலிடப்பட்டனர். ஷாக்கபியின் மகனும் அடுத்த தலைவருமான ஷாக்கபிடன், கனடாவிலிருந்து கடத்திவரப்பட்டு, 1865 நவம்பரில் ஸ்னெல்லிங் கோட்டையில் தூக்கிலிடப்பட்டார். இடையில், 1863-இல், அமெரிக்க நாடாளுமன்றம் டகோட்டாக்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்களை ஒரே சட்டத்தால் ரத்துசெய்தது. நிலம் திரும்பவில்லை, அதன் விலை மட்டும் நின்றுபோயிற்று. எபிகார்மஸின் கடன்காரனாவது தான் மாறிவிட்டதாகச் சொன்னான்; இங்கே அந்தச் சாக்குக்கூடத் தேவைப்படவில்லை.

இந்த இழப்பைப் பணத்தால் மட்டும் கணக்கிட முடியாது. அமெரிக்கப் பழங்குடிச் சிந்தனையாளர் வைன் டெலோரியா 1973-இல் வெளியிட்ட ‘காட் இஸ் ரெட்’ என்னும் நூலின் மையக் கருத்து இவ்விடத்தில் உதவும்: கிறித்தவம் போன்ற சமயங்கள் தங்கள் பொருளைக் காலத்தில், அதாவது ஒருமுறை நிகழ்ந்து முடிந்த வரலாற்றில் தேடுகின்றன, அமெரிக்கப் பழங்குடிச் சமயங்களோ அதை இடத்தில் காண்கின்றன. காலத்தில் நிகழ்ந்ததை எங்கு சென்றாலும் நினைவில் சுமந்து செல்லலாம். ஆற்று வளைவையும் குன்றையும் அப்படிச் சுமக்க முடியாது. ஷாக்கபியைத் தொட்டுச் செல்லும் ஆறு கீழே மிசிசிப்பியோடு கலக்கும் இடத்தை டகோட்டாக்கள் ‘ப்டோட்டே’ என்று அழைக்கின்றனர். அவர்களுள் பலருக்கு மனிதப் படைப்பு நிகழ்ந்த புனித இடம் அது. 1862–63 குளிர்காலத்தில் ஏறத்தாழ 1,600 டகோட்டாக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும் முதியோரும், அடைத்துவைக்கப்பட்ட முகாம் அந்தக் கூடலின் அருகிலேயே இருந்தது. தோன்றிய இடமும் சிறைப்பட்ட இடமும் ஒன்றாகிப்போன ஒரு மக்களிடம், வேறிடத்தில் அதே பரப்புள்ள நிலம் தருகிறோம் என்று சொல்வது பதிலாகாது.

ஷாக்கபியின் ஆற்றோரப் பூங்காவில் ஈமமேடுகள், அதாவது இறந்தோரைப் புதைத்து மண் குவித்த பழைய திட்டுகள், இன்றும் உள்ளன. அவை தாழ்ந்தவை, புல் மூடியவை, விவரம் அறியாதவர் அவற்றை நிலத்தின் இயல்பான மேடுபள்ளம் என்றே எண்ணுவார். அவற்றுக்குள் இருப்போரை நகரத்தின் உறுப்பினராகக் கொள்ளலாமா என்ற கேள்வி கணக்கெடுப்புக்கு உரியதன்று. ஆயினும் முன்னோரும் ஆறும் நிலமும் உறவினர் என்னும் டகோட்டா நெறியின்படி அதற்கான விடை ‘ஆம்’ என்பதே. அரிஸ்டாட்டிலின் பட்டியலில் இடம்பெறாத இந்த விடையே, நகரத்தின் ஒருமைக்கு மற்ற எல்லாவற்றையும்விட உறுதியான அடித்தளம் தருகிறது: மாறாமல் அங்கேயே இருப்பவர்கள் இறந்தோர் மட்டுமே.

இந்த வாதத்தைக் கடுமையாகச் சோதிப்பவர்கள் அண்மையில் வந்தவர்கள். 2016-இல் ஷாக்கபியில் அமேசான் நிறுவனத்தின் பெரிய சேமிப்புக் கிடங்கு திறக்கப்பட்டபோது, 1991-க்குப் பின் சோமாலியாவின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி மினசோட்டாவில் குடியேறிய மக்கள் பலர் அங்கே வேலைக்குச் சேர்ந்தனர். பொருள்களைக் கையாளும் வேகம் கருவிகளால் அளக்கப்படும் அக்கூடத்தில், இஸ்லாத்தில் அந்திக்குரிய மஃரிப் தொழுகையின் நேரம் நாளுக்கு நாள் நகர்கிறது. ஜூன் மாதத்தில் இரவு ஒன்பது மணியளவில் மறையும் சூரியன் டிசம்பரில் நான்கரைக்கே மறைந்துவிடுகிறது. தொழுகைக்கான அந்தச் சில நிமிடங்களும் வேலையின் வேகமும் மோதியதிலிருந்து எழுந்த போராட்டம் 2019 ஜூலையில் வேலைநிறுத்தம் வரை சென்றது. 2023-இல் மினசோட்டா இயற்றிய கிடங்குத் தொழிலாளர் சட்டம், ஓய்வு நேரத்தோடு தொழுகை நேரத்தையும் வேலை இலக்குகளிலிருந்து காத்தது. கான்கிரீட் தரையின் எந்த மூலையையும் திசை ஒன்றைக்கொண்டே தொழுமிடமாக்கும் இச்சமயத்தைக் காலத்தின் பக்கம் வைப்பதா, இடத்தின் பக்கம் வைப்பதா என்று டெலோரியாவின் பகுப்பால் எளிதில் சொல்லிவிட முடியாது.

சொந்த நிலத்தை இழந்து வந்த இவர்களும் 1851-இன் கடனை ஏற்கவேண்டுமா? ஜெர்மானிய மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ் 1946-இல் தம் நாட்டாரை முன்வைத்துச் செய்த பகுப்பு இங்கே பொருந்தும்: குற்றம் செய்தவருக்கே உரியது; அரசியல் பொறுப்போ அந்தச் சமூகத்தின் உறுப்பினர் அனைவருக்கும் உரியது. சோமாலியத் தொழிலாளியும் பெருநகரிலிருந்து வந்த மென்பொருள் ஊழியரும் குற்றவாளிகள் அல்லர். ஆனால் நகரத்தின் பெயரையும் பாலத்தையும் பள்ளியையும் தமக்கு முன்னிருந்தோரிடமிருந்து பெற்றுக்கொள்ளும் எவரும், அதன் பாக்கியை மட்டும் தமக்கு முந்தியது என்று தள்ளிவிட முடியாது. நாகசேனரின் மன்னன் அளித்த தீர்ப்பு அதுவே.

1969-இல் கூட்டரசின் அங்கீகாரம் பெற்ற ஷாக்கபி ம்டெவாகன்டன் சூ சமுதாயம், 1982-இல் பிங்கோ கூடத்தோடும் 1992-இல் மிஸ்டிக் லேக் சூதாட்டக் கூடத்தோடும் தொடங்கிய வருவாயைக் கொண்டு, முன்னோரின் நிலத்தைச் சந்தை விலை கொடுத்துத் திரும்ப வாங்கிவருகிறது. அப்படி வாங்கிய நிலத்தைக் கூட்டரசின் பொறுப்பில் ஒப்படைத்தால் அது பழங்குடி நிலமாகி, உள்ளூர்ச் சொத்துவரியிலிருந்து விலகிவிடும். அதனால் உள்ளாட்சிகளிடமிருந்து ஆட்சேபணைகளும் எழுந்துள்ளன. வரி இழப்பைக் கணக்கிடும் நகராட்சி தன் கணக்கை நிலம் விற்கப்பட்ட ஆண்டிலிருந்து தொடங்குகிறது. வாங்கியவர்களின் கணக்கோ 1851-இலிருந்து தொடங்குகிறது. ஒரு நகரம் தன் பெயரை 1851-க்கும் முந்திய காலத்திலிருந்து எடுத்துக்கொண்டுவிட்டு, கணக்கை மட்டும் அண்மையிலிருந்து தொடங்குவது நியாயமாகாது. ஆட்சேபணையை எழுதும் அலுவலகத்தின் முகப்பிலேயே அந்தத் தலைவரின் பெயர்தான் இருக்கிறது.